தினமும் கூட வைத்திருக்க ஒரு மடக்குக் கத்தி: கொழும்பில் எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறீர்கள். அப்பா தந்த பேனாக்கத்தி துருவேறி, அலகு ஆடத் தொடங்கிவிட்டது. பார்சல் பிரிக்க, பழம் வெட்ட, வயர் சீவ என்று எப்போதும் கைக்கெட்டிய இடத்தில் ஒரு மடக்குக் கத்தி வேண்டும். ஒரு கையால் தட்டினால் விரிகிற, கறுப்பு அலகும் கிளிப்பும் வைத்த கத்தி ஒன்றைப் படத்தில் பார்த்து மனம் அதில் போயிருக்கிறது. அதை வாங்கலாமா?

வேண்டாம். அது கெட்ட கத்தி என்று சொல்லவில்லை. கொழும்பில் பஸ்ஸில் போய் வருகிற ஒருவர் தினமும் கொண்டு திரிய ஏற்ற கத்தி அது இல்லை. பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடையொன்றில் 22 வருடம் நின்றவன் நான். கத்தி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பனி, எந்த உருக்கு என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: பக்கத்து சீட்டில் ஒரு அம்மா இருக்கும்போது இதை வெளியே எடுத்து ஒரு கொய்யாப்பழம் வெட்டுவீர்களா? தயங்காமல் ஓம் என்று சொல்ல முடிந்தால் அது உங்களுக்கான கத்தி. அந்த அம்மா உடம்பை ஒடுக்கிக்கொண்டு தள்ளி இருப்பார் என்று தோன்றினால், எவ்வளவு நல்ல உருக்காக இருந்தாலும் அது லாச்சிக்குள் கிடக்கப் போகிற கத்தி.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் ஒரு சோதனைச்சாவடியில் என் பையைக் கிளறியபோது கடைக்கென்று வைத்திருந்த மடக்குக் கத்தி ஒன்று வந்தது. முனை நீண்ட, பூட்டு வைத்த கத்தி. அடையாள அட்டை, வேலைக் கடிதம், கடை முதலாளியின் ரெலிபோன் நம்பர் எல்லாம் கொடுத்தும் ஒன்றரை மணித்தியாலம் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. அதே பையில் சிவப்புப் பிடி போட்ட சின்னப் பேனாக்கத்தியும் கிடந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்வீர்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வீடுகளில் இருக்கும் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். அந்த மாதங்களில் பையில் என்ன இருக்கிறது என்பதை நாங்கள் எல்லோருமே திரும்பத் திரும்ப யோசித்தோம். நிலைமை எப்போது மாறும் என்று சொல்ல முடியாத ஊரில், எப்போதும் காட்டக்கூடிய சாமானை வைத்திருப்பதுதான் நிம்மதி.

சட்டத்தையும் லேசாக எடுக்க வேண்டாம். கத்திகளுக்கென்றே பிரித்தானியர் காலத்துக் கட்டளைச்சட்டம் ஒன்று இந்த நாட்டில் உண்டு. நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைப் பக்கம் தெரிந்த சட்டத்தரணி யாரும் இருந்தால் வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கதைத்துவிடுங்கள். லண்டனில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிக்க நினைத்தால், அங்கேயுள்ள அளவும் தெரிந்திருக்கட்டும். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி, பூட்டில்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியை மட்டும்தான் அங்கே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். அது எங்கள் சட்டமல்ல. ஆனாலும் நகரத்தில் வாழ்கிற ஒருவருக்கு எந்தக் கத்தி பொருத்தம் என்பதற்கு அது நல்ல அளவுகோல் என்றே நான் நினைக்கிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் நாளில் கத்தி கைப்பையில் இருக்கவே கூடாது, உள்ளே ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் போக வேண்டும். நீதிமன்றம், பரீட்சை மண்டபம், பிரேமதாச மைதானத்தில் மட்ச், சனம் நெரிகிற திருவிழா, இவற்றுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இனி கத்திக்கு வருவோம். ஒரு கிழமைக்கு, கத்தி தேவைப்பட்ட ஒவ்வொரு தடவையும் என்ன வெட்டினீர்கள் என்று குறித்து வையுங்கள். கடதாசிப் பெட்டியின் ரேப், நைலோன் கயிறு, பால்மா பைக்கற், கேபிள் ரை, மாம்பழம், சேட்டில் தொங்கும் நூல், பூமாலைக் கட்டு. பட்டியல் இதைத் தாண்டிப் போவது அரிது. இவ்வளவுக்கும் 6 சென்ரிமீற்றர் அலகு போதும், 7 தாராளம். அதற்கு மேலே போனால் கூடுதலாகக் கிடைப்பது பாரமும் பார்க்கிறவரின் பயமும்தான். அலகு மெல்லியதாக இருக்கட்டும். கடையில் தடித்த அலகைத் தூக்கிப் பார்த்து "நல்ல ஸ்ட்ரோங்" என்று சொல்லி எடுத்துப் போவார்கள். அதே கத்தியால் ஒரு அப்பிளை வெட்டினால் அப்பிள் வெட்டுப்படாது, ஆப்பு வைத்த விறகு மாதிரி பிளக்கும்.

பூட்டைப் பற்றி நிறையப் பேர் தப்பாக விளங்கி வைத்திருக்கிறார்கள். மடக்குக் கத்திகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பிடியின் முதுகில் ஓடும் வில் ஒன்று அலகின் அடியை அழுத்திப் பிடிப்பது. ஊரில் வில்லுக்கத்தி என்று சொன்னது இதைத்தான். கையால் அமத்தினால் மடங்கும். மற்றது பூட்டு உள்ளது. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் பாய்ந்து அலகுக்கு முட்டுக் கொடுக்கும், அல்லது முதுகில் உள்ள கொக்கி போய் விழும், அல்லது கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பி இறுக்க வேண்டும். பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்பது பொதுவான நம்பிக்கை. என் வலது சுட்டுவிரலின் நடு மூட்டு இன்றைக்கும் முழுதாக மடங்காது. நடைபாதையில் வாங்கிய மலிவான தகட்டுப் பூட்டுக் கத்தியால் பீவீசீ குழாய் ஒன்றின் வாயைச் சீவிக்கொண்டிருந்தபோது பூட்டு நழுவியது. நான்கு தையல். பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் செய்யக் கூடாத பக்கமாக அழுத்தினேன். வில்லுக்கத்தி என்றால் அப்படி அழுத்தியிருக்கவே மாட்டேன், அது மடங்கும் என்பது கைக்குத் தெரியும். மலிவான பூட்டு, பூட்டே இல்லாததைவிட ஆபத்தானது. உங்கள் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு வில்லுக்கத்தி போதும். முனையால் குத்தாமல், அலகின் வயிற்றால் இழுத்து வெட்டப் பழகுங்கள்.

இப்போது உருக்கு. மற்ற ஊர்க்காரர்கள் எழுதுவதை அப்படியே நம்பிக் கொழும்பில் கத்தி வாங்கினால் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குளிரும் வரட்சியும் உள்ள தேசத்தில் இருக்கிறவருக்கு முதல் கேள்வி, கூர் எத்தனை நாள் நிற்கும் என்பது. எங்களுக்கு முதல் கேள்வி துரு. மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவர்களுடைய யன்னல் கிறிலைப் பாருங்கள், பெயின்ற் அடித்து ஒரு வருடத்தில் கொப்பளம் போடும். தென்மேல் பருவக்காற்று மே மாதம் தொடங்கிவிட்டால் கடலின் உப்பு நேரே வீட்டுக்குள் வருகிறது. இது போதாதென்று கத்தி இருப்பது கழிசான் பைக்குள். பஸ்ஸில் நெரிசலில் நின்று போனால் பை வியர்வையில் நனையும். உப்பு, ஈரம், உடம்புச் சூடு, காற்றோட்டமில்லாத இடம்: துருவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்லப்படுவதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்க வேண்டும். அந்தக் குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றைக் கட்டுகிறது, அதுதான் காவல். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழையாகிவிடும். டி2 என்ற உருக்கு இப்போது நடுத்தர விலைக் கத்திகளில் நிறைய வருகிறது. அதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, கூரும் நெடுநாள் நிற்கும். ஆனால் அதில் 1.5 சதவீதம் அளவுக்குக் காபனும் இருப்பதால், குரோமியத்தில் ஒரு பெரும் பங்கைக் காபன் பிடித்து வைத்துக்கொள்கிறது. காவலுக்கு மிஞ்சுவது கொஞ்சம். கொழும்பில் டி2 அலகில் மிளகுத்தூள் தூவியது போலத் துருப்புள்ளி விழுந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சுத்தமான காபன் உருக்கு இன்னும் மோசம். எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் வைத்திருந்தது அப்படியான கத்திதான். தேசிக்காய் வெட்டினால் அலகு உடனே கறுக்கும், மாம்பழத் துண்டில் இரும்பு வாசம் அடிக்கும். அவர் அதை ஒவ்வொரு பின்னேரமும் துடைத்து எண்ணெய் பூசி வைத்தார். அப்படிச் செய்யக்கூடிய ஆள் நீங்கள் என்றால் வாங்குங்கள், வெட்டுவதில் அதற்கு இணையில்லை. எட்டு மணிக்கு வேலை முடித்து வருகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மறுகோடியில், காபனை மிகக் குறைவாக வைத்த எச்1 போன்ற உருக்குகள் இருக்கின்றன. கடலில் வேலை செய்கிறவர்களுக்காகவே அவற்றில் கத்தி வருகிறது, துரு நெருங்காது. பேருவளையில் வள்ளத்தில் போகிறவர் கேட்டால் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. சுவிஸ் பேனாக்கத்திகளில் வரும் சாதாரண உருக்கு, கடினத்தை அளக்கும் ரொக்வெல் அளவில் 55, 56தான். கத்திப் பிரியர்கள் இதை மென்மையானது என்று குறை சொல்வார்கள். உண்மைதான், நாலு பெட்டி பிரித்தால் கூர் தணியும். ஆனால் ஐந்து நிமிடத்தில் திரும்பத் தீட்டிவிடலாம். துருவின் தொல்லையும் குறைவு. மழுங்கினதைத் தீட்டலாம், துரு தின்ற விளிம்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இந்த ஊருக்கு அந்த மென்மையான உருக்கே சரி.

கறுப்பு அலகைப் பற்றியும் கேட்டீர்கள். அந்தக் கறுப்பு ஒரு பூச்சு. தீட்டிய விளிம்பில் அது இல்லை, அலகு திரும்பும் அச்சாணிக்குள்ளும் முழுதாக இல்லை. துரு தொடங்குவது அந்த இரண்டு இடத்தில்தான்.

பிடிக்கு அதிகம் சொல்ல இல்லை. மரப்பிடி அழகு, ஆனால் எங்கள் ஈரத்தில் ஊதும். அலுமினியத் தகட்டுப் பிடி மெல்லியது, பையில் இருப்பது தெரியாது, ஈரம் குடிக்காது. சிவப்புப் பிளாஸ்ரிக் பிடி கையில் நன்றாக நிற்கும், கீழே விழுந்தால் மூலை வெடிக்கும். பையின் விளிம்பில் தொங்க வைக்கும் கிளிப், 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ கொண்டுவந்த வசதி. வேலைத்தளத்தில் நல்ல வசதிதான். கொழும்பு பஸ்ஸில் அது "என்னிடம் கத்தி இருக்கிறது" என்று வெளியே எழுதி ஒட்டுவது போல. கிளிப் இல்லாததையே பாருங்கள்.

எதை வாங்கலாம் என்று பெயர் சொல்லிக் கேட்டால், நான் சொல்வது விக்ரோறினொக்ஸ். கார்ல் எல்ஸனர் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் தொடங்கிய பட்டறை அது. 1891இல் அந்நாட்டு இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது, 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தது. தாயார் விக்ரோறியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான இனொக்ஸ் 1921இல் சேர்ந்தது. துரு எங்கள் பிரச்சினை என்றால், பெயரிலேயே அதற்குப் பதில் வைத்திருக்கிற கத்தி. சேட்டுப் பையில் வைப்பதானால் 84 மில்லிமீற்றர் அலுமினியப் பிடியில் வரும் கேடற் என்ற மொடல். பாரம் 46 கிராம்தான். கைப்பையில் வைப்பதானால் கத்தரிக்கோல் உள்ள 91 மில்லிமீற்றர் கிளைம்பர் என்ற மொடல். கத்தரிக்கோலைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். என் வீட்டில் கிளைம்பரின் அலகைவிட அதன் கத்தரிக்கோல்தான் கூட வேலை செய்கிறது. அலகைத் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும், பார்க்கிறவருக்கும் உறுத்தாது.

இன்னொன்று ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் யோசப் ஒப்பினெல் செய்த விவசாயிக் கத்தி. வெட்டுவதில் சுவிஸ் கத்தியை வெல்லும், அவ்வளவு மெல்லிய அலகு. ஆனால் அதன் பிடி மரம். எங்கள் மழைக்காலத்தில் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், நகம் பிய்ந்தாலும் வராது. பிடியின் வால் பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், சவோய்க்காரரே அப்படித்தான் செய்வார்கள். 1955இலிருந்து வளையப் பூட்டும் இருப்பதால் பையில் கொண்டு திரிவதைவிட வீட்டில் பழம் வெட்ட, சுற்றுலாவுக்குக் கொண்டுபோக நல்லது. வாங்குவதானால் இனொக்ஸ் என்று பொறித்த ஆறாம் நம்பர் அளவை வாங்குங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை. புறக்கோட்டை நடைபாதையில் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக நிறையக் கத்தி கிடக்கும், எல்லாம் சுவிஸ் அல்ல. அலகின் அடியில் பொறித்திருக்கும் எழுத்து கூர்மையாக, ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மடக்கிவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். வில்லுக்கும் தகட்டுக்கும் இடையால் வெளிச்சம் வந்தால் வைத்துவிடுங்கள். விரித்த அலகை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பிறகு பத்துத் தடவை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் 'டக்' என்று ஒரே சத்தம் வர வேண்டும், பத்தாவது தடவையில் நகம் நோகக் கூடாது. இவ்வளவையும் செய்ய விடாமல் முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம். உத்தரவாதச் சீட்டோடு விற்கும் இடத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்குங்கள். உருக்கிலும் வேலைப்பாட்டிலும் குறை இருந்தால் விக்ரோறினொக்ஸ் ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்கிறது.

வாங்கிய பிறகு கத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் பழச்சாறு. போன வருடம் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையில் இருந்து ஆறு பழம் சீவினேன். அலகைத் துடைத்துவிட்டு மடக்கி வைத்தேன். மூன்றாம் நாள் கத்தியை எடுத்தால் வில் இடுக்கிலிருந்து சின்னச் சிவப்பெறும்பு வரிசையாக வருகிறது. உள்ளே வடிந்த சாறு காய்ந்து பிசினாகி, அலகும் பாதியில் இறுகி நின்றது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு துளி விட்டு, கத்தியை அதற்குள் வைத்தபடியே பத்துப் பதினைந்து தடவை திறந்து மூட, தண்ணீர் மண்ணிறமாக வந்தது. உதறி, ஃபானுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் விரித்து வைத்துவிட்டு, அச்சில் ஒரு துளி எண்ணெய். அதற்குப் பிறகு பழம் வெட்டினால் அன்றைக்கே கழுவிவிடுகிறேன். தேங்காயெண்ணெய் போட வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பாமசியில் கிடைக்கும் திரவப் பரவின் நல்லது, உணவில் பட்டாலும் பயமில்லை.

தீட்டக் கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் மினுக்கம் இல்லாமல் சொரசொரவென்று ஒரு வட்டம் இருக்கும், அது நல்ல சாணை. அலகை நிமிர்த்தி வைத்தால் 90 பாகை, பாதி சாய்த்தால் 45, அதிலும் பாதி 22. அதைவிடக் கொஞ்சம் கூடச் சாய்த்து, மேலே படிந்த பாலாடையை வழிப்பது போல மெதுவாக இழுங்கள். பக்கத்துக்குப் பத்து, பிறகு ஐந்து, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக நாலைந்து. பத்திரிகைத் தாளின் விளிம்பில் வைத்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

அப்பாவின் கத்தியை எறிய வேண்டாம். ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரசால் இடுக்குகளைத் தேயுங்கள். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் அச்சாணி தளர்ந்ததுதான். ஆணியின் ஒரு தலையைத் தடித்த இரும்புத் துண்டின் மேல் வைத்து, மற்றத் தலையைச் சின்னச் சுத்தியலால் மிக மெதுவாகத் தட்டினால் இறுகும். இரண்டு தட்டுக்கு ஒருமுறை அலகை விரித்துப் பாருங்கள், கூட இறுகிவிட்டால் திரும்பத் தளர்த்துவது பெரும்பாடு. கை நடுங்கினால் கொண்டு வாருங்கள், நான் தட்டித் தருகிறேன்.